‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும் டிராக்டர்: ஸ்டார்ட்டர் சோலினாய்டைப் பிரித்துச் சரிசெய்த முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் வொர்க்‌ஷாப்புக்கு வரும் புகார்களில் இது அடிக்கடி வருவது: “சாவியைத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்லண்ணே.” வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். அந்த அவசரத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சோலினாய்டைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள், சில மாதத்தில் அதுவும் கருகுகிறது. அதைக் கருக்கும் கோளாறு பல சமயம் சோலினாய்டுக்கு வெளியே இருக்கிறது. 12 வோல்ட் டிராக்டர் ஒன்றில் அதைத் தேடிப் பிடித்த விதத்தை அளவுகளோடு தருகிறோம்.

ஸ்டார்ட்டரின் முதுகில் இருக்கும் அந்த உருளைக்குள் இரண்டு சுருள்கள்: ஒன்று இழுப்பது, ஒன்று பிடித்து வைப்பது. சாவியிலிருந்து 50 என்ற முனைக்குக் கரண்ட் வந்ததும் இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டின் ஒரு பக்கம் பினியனை (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) எஞ்சினின் ஃபிளைவீல் பல்லுக்குள் தள்ளும், மறுபக்கம் செம்புத் தட்டை இரண்டு போல்ட் தலைகளின் மேல் அழுத்தும். ஒரு போல்ட் பேட்டரி கேபிள் வரும் 30, மற்றது மோட்டாருக்குப் போகும் எம். இழுக்கும் சுருளுக்கு எர்த் மோட்டார் வழியாகத்தான் கிடைக்கிறது. தட்டு சரியாக உட்கார்ந்ததும் அதன் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடும். தட்டு கருகியிருந்தால் ஓயாது, சூடாகிக்கொண்டே போகும். அதனால்தான் ‘டக்’ மட்டும் வரும் வண்டியில் சாவியை 10 விநாடிக்கு மேல் பிடிக்கவே கூடாது.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் பிடித்துவிடாதபடி ஸ்டாப் கேபிளையும் இழுத்துக் கட்டிவிட்டு மீட்டரை எடுத்தோம். பேட்டரி 12.5 வோல்ட். சாவியைத் திருப்பியபோது 12.1, ஹெட்லைட்டும் மங்கவில்லை. அப்படியானால் பெரிய கரண்ட் எங்கும் ஓடவில்லை. 6, 7 வோல்டுக்கு விழுந்திருந்தால் பேட்டரியையோ இறுகிப்போன மோட்டாரையோ சந்தேகப்பட்டிருப்போம். ‘டக்டக்டக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தாலும் முதலில் பேட்டரிதான்.

அடுத்து, சாவி திருப்பிய நிலையில் எம் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையே பார்த்தோம்: 1 வோல்ட் கூட இல்லை. 30 முனையில் 12 இருக்கிறது, எம் முனைக்கு வரவில்லை. தட்டு கரண்டைக் கடத்தவில்லை என்பது உறுதி. எம் முனையில் 12 வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் மோட்டாருக்குள் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரால் 30-ஐயும் 50-ஐயும் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிளட்ச் சேஃப்டி சுவிட்சைத் தாண்டிக் கரண்ட் கொடுக்கிறீர்கள். வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே நகரும், நீங்கள் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கினோம். இந்த சோலினாய்டின் மூடியில் இரண்டு ஸ்க்ரூ, இரண்டு ஈயப் பற்று. சின்ன சால்டரிங் அயர்ன் அந்தச் செம்பைச் சூடாக்காது, 100 வாட் வேண்டும். ஓரம் மடித்து மூடிய வகையாக இருந்தால் பிரிக்க முயலாமல் புதிதாகவே வாங்குவது நல்லது.

மூடியைத் தூக்கியதும் கரிப் பொடி கொட்டியது. தட்டின் விளிம்பில் கருப்பாக, குழிகுழியாக ஒரு பிறை வடிவம். போல்ட் தலைகளிலும் தட்டு தொடும் பாதி மட்டும் தின்னப்பட்டிருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டோம், போல்ட்டுகளை அரைவட்டம் சுற்றி நல்ல பாதியை உள்ளே கொண்டுவந்தோம். இரண்டு தலையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்டீல் ரூலரைக் குறுக்கே வைத்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒன்று தாழ்ந்தால் தட்டு சாய்ந்து ஒரு பக்கமே தொடும், மறுபடி கருகும். அரத்தால் நிறைய ராவவும் கூடாது, தட்டை அழுத்தும் தூரம் போதாமல் போகும். நட்டை வெறியோடு முறுக்கினால் மூடி விரிந்துவிடும். தண்டைத் துடைத்து உலர்வாகவே விடுங்கள். கிரீஸ் போட்டால் செம்மண் தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

மாட்டுவதற்கு முன் மேசைச் சோதனை. பேட்டரி பாசிட்டிவ் 50-க்கு, நெகட்டிவ் எம் முனைக்கும் உடம்புக்கும்: பினியன் வெளியே பாய வேண்டும். எம் முனை வயரை எடுத்தாலும் பினியன் வெளியிலேயே நிற்க வேண்டும், நின்றால் பிடிக்கும் சுருள் நலம். உடம்பு வயரை எடுத்ததும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் 5 விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

மாட்டியதும் எஞ்சின் சுற்றியது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். உண்மையான நோய் இப்போதுதான் மீட்டரில் தெரியும், ஏனென்றால் இப்போதுதான் முழுக் கரண்ட் ஓடுகிறது. சுற்றும்போது 30-க்கும் எம் முனைக்கும் இடையே 0.15 வோல்ட், நல்லது. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையே 0.9. அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் ஸ்ட்ராப் போல்ட்டைக் கழற்றினால் பச்சைப் பொருக்கு: இந்த வண்டி உரம் தெளிக்கும் வண்டி, பொட்டாஷ் உரத்தின் உப்பும் மழையும் சேர்ந்து செய்த வேலை. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து இறுக்கி, மேலே வாஸ்லின் பூசியதும் 0.1-க்கு இறங்கியது.

50 முனையிலும் பேட்டரியைவிட 1.4 வோல்ட் குறைவு. சாவி, சேஃப்டி சுவிட்ச் இரண்டின் தேய்மானம் அது. தண்டு இழுபட்டும் விட்டும் தட்டு துள்ளுவதும், துள்ளும்போது தீப்பொறி வருவதும் இப்படித்தான். சாவி வழியே சின்னக் கரண்ட் மட்டும் போய், பேட்டரியிலிருந்து நேராக 50-க்குக் கரண்ட் வரும்படி 40 ஆம்பியர் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் போட்டோம்: பழைய 50 வயர் ரிலேயின் 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30-க்கு, ரிலேயின் 87-இலிருந்து சோலினாய்டின் 50-க்கு. சேஃப்டி சுவிட்ச் பழைய வயரிலேயே இருப்பதால் கிளட்சை மிதிக்காமல் இப்போதும் ஸ்டார்ட் ஆகாது. உரம் தெளிக்கும் மாதங்களில் அந்த எர்த் போல்ட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிப் பார்க்கச் சொல்லி டிரைவரிடம் வண்டியைக் கொடுத்தோம்.