அவிசாவளைப் பக்கம் ஒரு காணி

2022இல் எரிவாயுவுக்காக வெள்ளவத்தையில் வரிசையில் நின்ற நாள்களிலிருந்தே, உணவுக்கும் நீருக்கும் பிறரை நம்பியிராமல் வாழக்கூடிய ஒரு காணியைக் கொழும்பு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள அவிசாவளைப் பக்கம் நானும் மனைவியும் தேடி வருகிறோம். ஈரவலயமாதலால் மழைக்குக் குறைவில்லை. பலா, ஈரப்பலா, மரவள்ளி எல்லாம் செழித்து வளரும். ஆனால் எங்கள் அச்சத்துக்கும் அந்த மழையே காரணம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகித் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. அதே நாள்களில், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மண்சரிவு வீடுகளைப் புதைத்தது. ஆகவே ஆற்றோரத்தையும் செங்குத்துச் சரிவையும் விலக்கி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்த பின்னரே விலை பேசுவதென உறுதியாக இருக்கிறோம். வெள்ளத்தில் கிணறு மாசடையுமென்பதால், கூரை மழைநீரைச் சேமிக்க ஒரு தாங்கியும் கட்டாயம் வேண்டும்.