மூனின் ஐந்து கோப்பைகள்

“ஓட்டோ கிரஹாமின் நான்கை எண்ணியிருக்கிறீர்கள். வாரன் மூனின் ஐந்து எங்கே?”

என் சக ஊழியர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளில் யார் சிறந்தவர் என்று நான் போட்ட அட்டவணையை, அந்த மதிய உணவு மேசையில் கடைசி வரிசைவரை படித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் முதலிடத்தில் டாம் பிரேடியின் பெயரைப் பார்த்ததுமே மகிழவோ முகம் சுளிக்கவோ தொடங்கிவிட்டார்கள். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: “அது வேறு லீக், கனடாவினுடையது. சேர்க்க முடியாது.”

பதில் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அது அவ்வளவு தயாராக என் வாயில் இருந்ததுதான் உறுத்துகிறது.

2017 பிப்ரவரி. பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் எங்கள் ஹூஸ்டனிலேயே நடந்து முடிந்த வாரம். 28-3 என்று பின்தங்கியிருந்த பிரேடியின் நியூ இங்கிலாந்து அணி, அட்லாண்டாவை 34-28 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. பிரேடிக்கு அது ஐந்தாவது பட்டம். வரலாற்றின் மிகச் சிறந்த குவாட்டர்பேக் அவர்தான் என்று பாதி அலுவலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. மீதிப் பேருக்கு ஜோ மான்டானாதான்: நான்கு இறுதி ஆட்டங்கள், நான்கு வெற்றிகள், புள்ளி தரும் டச் டவுன் பாஸ்கள் பதினொன்று, எதிரணி கையில் ஒரு பந்துகூடச் சிக்கவில்லை. பெய்டன் மேனிங்கின் ஐந்து எம்விபி (பருவத்தின் சிறந்த வீரர்) விருதுகளை நினைவூட்டிக்கொண்டிருந்த ஒரு மூலையும் உண்டு. வேலை எப்போது நடந்தது என்று எனக்கு நினைவில்லை.

நான் எண்களோடு பிழைப்பவன். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் தரவுகளைச் சீர்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியதாக ஆக்குவதுதான் என் வேலை. வெவ்வேறு ஆழம், வெவ்வேறு கருவி, வெவ்வேறு ஆண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அதே வித்தையைக் குவாட்டர்பேக்குகளிடம் காட்டினால் என்ன என்று தோன்றியது. மறைக்காமல் சொல்வதானால், அந்த மேசையில் எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. சிறுவயதில் அப்பாவோடு ஸ்டேடியத்துக்குப் போன கதை என்னிடம் இல்லை, எக்செல் இருந்தது.

அட்டவணையைப் பொறுப்பாகவே செய்தேன். 1978இல் விதிகள் மாறின. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தடுப்பாட்டக்காரர் இடிக்கக்கூடாது என்றானது. குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்காரர்கள் கைகளை நீட்டித் தடுக்கலாம் என்றும் ஆனது. ஆகவே ஜானி யுனைட்டஸ் ஐம்பதுகளில் எறிந்த ஆயிரம் கெஜமும் பிரேடி எறிந்த ஆயிரம் கெஜமும் ஒன்றல்ல. ஒவ்வொருவரின் ஒவ்வோர் ஆண்டுக் கணக்கையும் அந்தந்த ஆண்டின் லீக் சராசரியால் வகுத்தேன். குறைந்தது நூறு ஆட்டங்கள் என்று ஒரு வடிகட்டி வைத்தேன். பட்டங்களுக்குத் தனி மதிப்பெண்.

அங்கேதான் கிரஹாம் குறுக்கே வந்தார். கிளீவ்லாண்ட் அணிக்குப் பத்துப் பருவங்கள், பத்திலும் இறுதி ஆட்டம், ஏழு பட்டங்கள். ஆனால் அந்த ஏழில் நான்கு, 1946 முதல் 1949 வரை நடந்து கலைந்துபோன வேறொரு லீக்கில் வென்றவை. எடுப்பதா, விடுவதா? 1950இல் கிளீவ்லாண்ட் இன்றைய முதன்மை லீக்கான என்எஃப்எல்லுக்குள் வந்தது. வந்த முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் பிலடெல்பியாவை 35-10 என்று வீழ்த்தியது. அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றது. பழைய லீக் சொத்தை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? எடுத்துக்கொண்டேன். கிரஹாம் மளமளவென்று மேலே ஏறினார். வரலாறு தெரிந்தவன் என்ற பெயரும் எனக்குக் கிடைத்தது.

அப்போதுதான் மூனைப் பற்றிய அந்தச் சக ஊழியரின் கேள்வி.

“கனடாவில் பந்தை முன்னேற்ற மூன்றே வாய்ப்புகள், மூன்றே டவுன்கள்,” என்று விளக்கினேன். “ஆடுகளம் 110 கெஜம். அணிக்குப் பன்னிரண்டு பேர். அது வேறு ஆட்டம்.” அவர் தலையசைத்தார். “சரி” என்றார். பிறகு மறுவாரம் அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பற்றிக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு குவாட்டர்பேக் பற்றிப் பேசவே இல்லை. முறைப்பு கிடையாது, மரியாதையில் குறை கிடையாது. ஓய்வு பெற்றுப் போகும்வரை வேலை பற்றி மட்டுமே பேசினார். என் பதில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவருக்கு வேறு கவலைகள் இருந்திருக்கலாம். மனிதர்கள் எல்லாரும் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதில்லை.

அவர் ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவர், கறுப்பினத்தவர். 1984இல் மூன் இந்த ஊரின் ஆய்லர்ஸ் அணிக்கு வந்தபோது அவர் முதல் வேலையில் இருந்தாராம். அந்த ஆய்லர்ஸ் பிறகு டென்னசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதையும் அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை. 1993 ஜனவரி 3ஆம் தேதி ஆட்டத்தைப் பற்றி ஒருமுறை என்னிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். பஃபலோவில் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்று. முதல் பாதியில் மட்டும் மூன் நான்கு டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். இடைவேளையில் ஆய்லர்ஸ் 28-3 என்று முன்னிலை. ஆம், அதே 28-3. மூன்றாம் கால்பகுதியில் 35-3. பிறகு எல்லாம் சரிந்தது. கூடுதல் நேரத்தில் 41-38 என்று தோற்றார்கள். பஃபலோவை மீட்டவர் ஃபிராங்க் ரைக், காயம்பட்ட ஜிம் கெல்லிக்குப் பதிலாக இறங்கிய மாற்று ஆட்டக்காரர்.

அன்று மீட்டது 32 புள்ளிகள். பிரேடி மீட்டது 25. ரைக்கை எவரும் மாபெரும் குவாட்டர்பேக் என்று சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் அன்று 32 புள்ளி முன்னிலையைக் காக்கத் தவறிய தடுப்பாட்டத்தின் தோல்வி, என் அட்டவணையில் மூனின் பெயருக்கு நேரே விழுந்திருந்தது. பிளே-ஆஃபில் மூன்று வெற்றி, ஏழு தோல்வி. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் வெற்றி தோல்வியை ஒருவர் பெயரில் எழுதும் வழக்கம் நான் உண்டாக்கியதல்ல. எல்லாரும் எழுதுகிறார்கள்.

மூன் கனடாவுக்கு ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாத செய்தியும் அல்ல. 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகனை வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக் அவர். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவர்தான். அப்படிப்பட்டவரை குவாட்டர்பேக் அல்லாத வேறு இடத்தில் ஆடச் சொன்னார்கள். குவாட்டர்பேக் என்பது சிந்திக்கும் இடம், அது வெள்ளையருக்குரியது என்ற எண்ணம் அன்று ஊறிப்போயிருந்தது. அவர் கனடாவின் எட்மன்டன் அணியில் கையெழுத்திட்டார். கல்லூரி ஆட்டக்காரர்களை என்எஃப்எல் அணிகள் முறைவைத்து எடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டின் பன்னிரண்டு சுற்றுகளிலும் அவர் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை. கையெழுத்திட்டுவிட்டார், அதனால் சொல்லவில்லை என்றும் வாதிடலாம். நான் எனக்குள் வாதிட்டும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வலுவான வாதமாகத் தெரியவில்லை.

பிரேடியின் கதையை எல்லாரும் சொல்வார்கள்: 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், மறுவருடம் டிரூ பிளெட்சோவுக்குக் காயம்பட்டதால் வாய்ப்புப் பெற்றவர், அங்கிருந்து மலை ஏறியவர். உண்மைதான், பெரிய கதைதான். இருந்தாலும் 199ஆவது என்பதும் பட்டியலுக்குள் ஓர் எண்.

அன்றிரவு வீட்டில் ஒரு காரியம் செய்தேன். அட்டவணையில் கனடா என்று ஒரு பத்தி சேர்த்தேன். 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து கிரே கோப்பைகள், அதாவது கனடா லீக்கின் பட்டங்கள்; ஆறு பருவங்களில் 21,228 கெஜம். என்எஃப்எல்லில் அவர் எறிந்த 49,325ஐயும் கூட்டினால் எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. மூன் சரசரவென்று முதல் சிலருக்குள் வந்துவிட்டார். பிரேடி அசையவில்லை. மேசையில் அந்தச் சக ஊழியர் கேட்டது முதலிடத்தைப் பற்றியே அல்ல என்பது அப்போது உறைத்தது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. டக் ஃபுளூட்டியும் கனடாவில் மூன்று கோப்பைகள் வென்றவர். அவர் ஏறி, ஒரு பட்டமும் வெல்லாத டான் மரினோவுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டார். 1984இல், அந்தக் காலத்தில், 5,084 கெஜமும் 48 டச் டவுன்களும் எறிந்த மரினோவுக்கு மேலே ஃபுளூட்டி! இதை மேசையில் வைத்தால் சிரிப்பார்கள். பத்தியை எடுத்துவிட்டேன். எல்லை என்று ஒன்று வேண்டும். நான் வளர்ந்த கிரிக்கெட்டிலும் கெர்ரி பாக்கர் தனியாக நடத்திய தொடரில் விவியன் ரிச்சர்ட்ஸ் அடித்த ஓட்டங்கள் டெஸ்ட் கணக்கில் கிடையாது. அதற்காக யாரும் ரிச்சர்ட்ஸைச் சின்னவர் என்று சொல்வதில்லை.

ஆனால் அந்த எல்லையை கிரஹாமுக்காக நான்தான் தள்ளிவைத்தேன். அவருடைய லீக் தரமானது என்பதற்கு நான் காட்டிய சான்று, அவர் இந்தப் பக்கம் வந்து வென்றார் என்பது. மூனும் வந்தாரே. 1990இல் 4,689 கெஜம் எறிந்து லீக்கிலேயே முதலிடம். அந்த டிசம்பரில் கான்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527. கறுப்பினக் குவாட்டர்பேக்குகளில் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் முதலில் இடம் பெற்றவர், 2006இல். இதைவிட என்ன சோதனை வேண்டும்? என் சக ஊழியர் இந்த வாதத்தை வைக்கவில்லை. வைத்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன்: கிளீவ்லாண்ட் வந்தது அணியாக, மூன் வந்தது தனியாளாக என்று. அதுவும் நல்ல பதில்தான். என்னிடம் எப்போதும் நல்ல பதில்கள் இருந்தன.

நூறு ஆட்டம் என்ற அந்த வடிகட்டியையும் சொல்ல வேண்டும். 1968இல் டென்வருக்காகப் புதுமுகமாக 14 டச் டவுன்கள் எறிந்தவர் மார்லின் பிரிஸ்கோ, கறுப்பினத்தவர். மறு ஆண்டு அவருக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை. பஃபலோ போய், பந்து பிடிக்கும் ரிசீவராக மாறினார். அவர் பெயர் என் அட்டவணைக்குள் வரவே வழியில்லை. நூறு ஆட்டம் என்று எழுதும்போது அது எனக்குப் புள்ளியியல் ஒழுக்கமாக மட்டுமே தெரிந்தது.

இந்த விஷயத்தை இத்தனை காலம் நான் சுமப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நான் சென்னையிலிருந்து இந்த வேலைக்கு வந்தபோது, என் படிநிலையை நிர்ணயித்தவர்கள் தரமணியில் நான் வேலை செய்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. “அங்கே சூழல் வேறு,” என்றார்கள். என்ன வேறு? அதே கிணறுகளின் தரவு, அதே மென்பொருள், அதே வாடிக்கையாளர். ஹூஸ்டனின் பகலுக்காகச் சென்னையின் இரவில் விழித்திருந்தவன் நான். இதை ஒருநாள் அதே மேசையில் புலம்பியபோது, “எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்,” என்று சொன்னவர் மூனைப் பற்றிக் கேட்ட அதே சக ஊழியர்தான். கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவரும் அவரே. கேட்டேன்; பாதி ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இதை நினைத்தாரா? நினைக்கவில்லை என்றே பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மூனை நேசித்தவர், மூனைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான். சம்பளப் படியும் விளையாட்டுப் பட்டியலும் ஒன்றா? ஒன்று சோறு, மற்றது பொழுதுபோக்கு. இந்த விளக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அடுத்தவரைத் தள்ளுவதற்கு “சூழல் வேறு” என்ற அதே வாதத்தை, அதே நிதானமான குரலில் நான் சொன்னேன் என்பது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பிரேடி பிறகு ஏழு பட்டங்களோடு ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த தலைமுறைக் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் மூன்றில் நிற்கிறார். மேசையில் இப்போது வேறு ஆட்கள், விவாதம் மட்டும் அதேதான். நான் அட்டவணையை வெளியே எடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆள் எடுக்கும் குழு ஒன்றில் உட்கார வேண்டியிருந்தது. விண்ணப்பித்த பெண் நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் நெடுங்காலம் கிணறுகளில் நின்று வேலை பார்த்தவர். அந்த ஆண்டுகளை எப்படி எண்ணுவது என்று கேள்வி வந்தது. ஒருவர், எண்ணவே வேண்டாம் என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்தார். முழுதாக எண்ண வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முழுதாகக் கேட்டால் ஒன்றுமே கிடைக்காது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. “பாதி” என்றேன். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்; அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதைப் பார்த்தால் முழுதையும் கேட்டிருக்கலாமோ என்று இப்போது படுகிறது. அந்தப் பெண் சேர்ந்தார், நன்றாக வேலை செய்கிறார். குழுவில் நடந்தது அவருக்குத் தெரியாது.

எங்கள் பிரிவில் இன்று அதுவே வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு அனுபவமா, பாதி போடுங்கள் என்கிறார்கள். இது யார் வகுத்த கணக்கு என்று புதியவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்கிறார்கள்.