பச்சைக் குளம் தெளிய: ஹைப்போ போட்டுப் பார்த்த கணக்கு

பொள்ளாச்சி–பாலக்காடு எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தோப்பு வீடுகளில் நீச்சல் குளம் பச்சை கட்டுவது பெரும்பாலும் ஆனி, ஆடியில்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னம்பூவையும் தூசியையும் வாரிக் கொட்டும். சாரலில் யாரும் இறங்காததால் மோட்டார் ஓட்டுவதும் குறையும். குளோரின் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் பாசி பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும்.

இங்கே சொல்லும் அளவெல்லாம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு. ஏறக்குறைய 45,000 லிட்டர்.

முதலில் பார்க்க வேண்டியது குளோரினை அல்ல, சயனூரிக் அமிலத்தை. வருடக்கணக்கில் டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரையோ தூளோ போட்டு வந்த குளத்தில் இது சேர்ந்துகொண்டே போகும். டிசிசிஏ 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப் போகிறது. ஓரளவு இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். அதிகமானால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். சோதனைக் கிட் குளோரின் 3 பிபிஎம் என்று காட்டும், பாசி பாட்டுக்கு வளரும். பாசியை அழிக்கக் குளோரின் அளவு சயனூரிக் அளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும்: 30 இருந்தால் 12 பிபிஎம், 50 இருந்தால் 20. நூறைத் தொட்டிருந்தால் 40 பிபிஎம் பிடித்து வைப்பது கட்டுபடியாகாது. பாதித் தண்ணீரை மாற்றுவதே வழி. ஹைப்போ, அதாவது கேனில் வரும் திரவக் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட்), போடுவதற்கு முன்பே இறைத்துவிட்டால் தென்னைக்குப் பாய்ச்சலாம். மழைக்காலத்தில் குளத்தை முழுசாகக் காலி செய்யவே கூடாது. நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது வெறும் தொட்டி மேலெழும்பி விரிசல் விடும்.

அடுத்து அடியில் கிடக்கும் பூ, இலை எல்லாவற்றையும் வலையால் வாரி எடுங்கள். அவை கிடந்தால் ஊற்றும் குளோரினைப் பாதிக்குப் பாதி அவையே தின்றுவிடும். பிறகு தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சை 7.2-க்கு இறக்க வேண்டும். இங்கத்திய போர் தண்ணீர் உப்பு, பிஎச் 7.8, 8 என்று நிற்கும்போது ஹைப்போ ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து பாலாகக் கலங்கும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 400 மில்லியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, அரை மணி கழித்துச் சோதித்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். இதை முதலிலேயே முடித்துவிடுங்கள். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் பிஎச் சோதனை பொய் சொல்லும். ஆசிட் எடுத்த மக்கில் ஹைப்போ எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு. டிசிசிஏவும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீயே பிடிக்கும்.

கேனில் 10 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் வெயிலில் நின்ற ஹைப்போ வலு இழந்திருக்கும். சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்: 10 பிபிஎம் காட்டினால் 10 சதவீதம், 7 காட்டினால் 7. சயனூரிக் 30 உள்ள குளத்துக்கு 12 பிபிஎம் வேண்டும்; அதாவது 540 கிராம் குளோரின். 10 சதவீதச் சரக்கில் 5.4 லிட்டர், 7 சதவீதத்தில் 7.7 லிட்டர். பொழுது சாய்ந்த பிறகு, மோட்டார் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் மெதுவாக ஊற்றுங்கள்.

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஒருமுறை ஊற்றிவிட்டுக் காலையில் வந்து பார்ப்பார்கள். அதற்குள் குளோரின் தீர்ந்திருக்கும், மிஞ்சிய பாசி மறுபடி தழைக்கும். முதல் நாள் இரண்டு மணிக்கொரு முறையாவது சோதித்து, குறைந்த அளவை மட்டும் ஊற்றி 12-லேயே நிறுத்த வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ கிட் இதற்கு உதவாது. டிபிடி கிட்டிலும் குளோரின் மிகுந்தால் இளஞ்சிவப்பு வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். ஒரு பங்கு குளத்து நீரோடு நாலு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள்.

சுவர், மூலை, ஏணிக்குப் பின்புறம், விளக்குக் கூட்டின் உட்புறம் எல்லாம் தினமும் பிரஷ் போட வேண்டும். பாசியின் வழவழப்புப் படலத்துக்குள் குளோரின் தானாக நுழையாது. பச்சை போய்ச் சாம்பல் கலந்த நீலமாகத் தண்ணீர் மாறினால் பாசி சாகிறது என்று அர்த்தம். சேண்ட் ஃபில்டரை இரவு பகலாக ஓட்டி, சுத்தமாக இருந்தபோது காட்டிய பிரஷரைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலை அலசும் பேக்வாஷ் செய்யுங்கள். அவசரப்பட்டுப் படிகாரம் போடுவதானால் மோட்டாரை நிறுத்திப் படியவிட்டு, ஃபில்டரைத் தொடாமல் வெளியேற்றும்படி வால்வை வேஸ்ட்டில் வைத்து அடியில் படிந்ததை உறிஞ்ச வேண்டும். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் கட்டிக்கொள்ளும். தென்னைக்கு வாங்கிய மயில்துத்தம் மிஞ்சியிருக்கிறதே என்று போடவே வேண்டாம். செம்பு தண்ணீரைவிட்டுப் போகாது, சுவரில் கறையாக நிற்கும். குளோரின் ஊற்றியதும் தண்ணீர் கலங்காமல் கண்ணாடிபோலப் பச்சையாகத் தெரிந்தால், அது பாசியல்ல, செம்போ இரும்போதான்.

தெளிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. இருட்டிய பின் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை குளோரினைச் சோதியுங்கள். இரவில் ஏற்பட்ட குறைவு 1 பிபிஎம்முக்குள், அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த கட்டுண்ட குளோரின் 0.5-க்குள், அடித்தரை தெளிவு: மூன்றும் சேர்ந்தால்தான் முடிந்தது. பிறகு சயனூரிக் 30-க்கு 3, 4 பிபிஎம் போதும். வெயில் நாளில் அதைக் காக்கத் தினம் மாலை ஒன்று, ஒன்றரை லிட்டர் ஹைப்போ பிடிக்கும்.