சியாட்டில் ஓடைகளில் சால்மன்

மழை தொடங்கியபின் நவம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகருக்குச் செல்வோர், நகரப் பூங்காக்களின் சிற்றோடைகளிலேயே சால்மன் மீன்களைக் காணலாம். கார்கீக் பூங்காவின் பைப்பர்ஸ் ஓடையில், ரயில் பாதைக்கு அடியில் புகுந்து முட்டையிடக் கடலிலிருந்து வந்த ‘சம்’ என்ற வகைச் சால்மன்கள், முதுகு வெளியே தெரியுமளவு ஆழமற்ற நீரில் மேலேறிக்கொண்டிருந்தன. முற்றிலும் அற்றுப்போயிருந்த மீன்வரத்து, சுகுவாமிஷ் பழங்குடியினரின் பொரிப்பகத்து உதவியாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் மீண்டது.

இப்பகுதியில் ஓடைகளை மறிப்பவை பெரும்பாலும் அணைகள் அல்ல, சாலைக்கு அடியில் புதைத்த கல்வெர்ட் குழாய்கள். அகன்ற ஓடையின் நீர் முழுவதும் குறுகிய குழாய்க்குள் பாய்வதால் வேகம் கூடுகிறது. வெளியேறும் இடத்தில் மண் அரித்து, நாளடைவில் குழாயின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே தொங்குகிறது. வளர்ந்த மீன் ஒருவேளை தாவி ஏறும். விரலளவுக் குஞ்சால் இயலாது.

1855-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க அரசுடன் எழுதிய உடன்படிக்கைகள் இப்பகுதிப் பழங்குடியினருக்கு மீன்பிடி உரிமையை உறுதிசெய்தன. பிடிப்பதற்கு மீனே இல்லாதபோது அவ்வுரிமைக்கு என்ன பொருள் என்று 21 பழங்குடியினங்கள் வாதிட்டதில் எனக்கு மறுப்பே தோன்றவில்லை. வாஷிங்டன் மாநில அரசு தடையான கல்வெர்ட்டுகளை மாற்ற வேண்டும் என 2013-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வராகப் பிரிந்ததால் அவ்வாணை நிலைத்தது. இப்போது அமைக்கும் கல்வெர்ட்டுகள் ஓடையின் அகலத்தைவிடப் பெரியவை. உள்ளேயும் கல்லும் சரளையும் பரப்பி, ஓடை இயல்பாகத் தொடர்வதுபோல் செய்கிறார்கள்.

ஆனால் வழி திறந்தால் மட்டும் போதாது என்பதை மேற்கு சியாட்டிலின் லாங்ஃபெல்லோ ஓடையில்தான் புரிந்துகொண்டேன். மீனெலும்பு வடிவில் அழகிய நடைபாலம் ஒன்று அங்கே இருக்கிறது. அவ்வோடையின் முகத்துவாரப் பகுதி நெடுந்தூரம் குழாய்க்குள் ஓடினாலும், ‘கோஹோ’ என்ற மற்றொரு வகைச் சால்மன்கள் அதையும் கடந்து வந்துவிடுகின்றன; வந்தபின், மழைநீர் சாலையைக் கழுவிக்கொண்டு இறங்கும் நாள்களில், தடுமாறி, வாய் பிளந்து, வயிற்றில் முட்டை இருக்கும்போதே இறக்கின்றன. வாகன டயரின் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் என்ற சேர்மமே காரணம் என 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சம் சால்மனை இந்நஞ்சு அவ்வாறு தாக்குவதில்லை.

குழாயாகத் தடுத்த அதே சாலை டயர்த் துகளாகவும் கொல்கிறது. மணலும் மட்கிய உரமும் கலந்த படுகை வழியே வடிகட்டிய சாலைநீரில் கோஹோக்கள் பிழைத்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன; ஆகவே கல்வெர்ட்டை மாற்றும்போதே இத்தகைய படுகை கொண்ட சாலையோர மழைத்தோட்டத்தையும் அத்திட்டத்தில் சேர்ப்பதுதான் சரியான செலவு என்று எனக்குத் தோன்றுகிறது.