மடியில் குழந்தை, கையில் கோப்பு: ஆறு மாதப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்த கதை

மூன்று மாதம் நிறையும் வரை பிள்ளையோடு வாசற்படி தாண்டக் கூடாது என்று ஆம்பூரில் என் அம்மாவும், தலை நின்று குப்புற விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று குடியாத்தத்தில் என் அத்தையும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், நான் மகளுக்குப் பால் கொடுத்தபடியே கைபேசியில் பினாங்குக்கு விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமலே மலேசியாவில் தங்கலாம். இறங்கினால் தமிழ் பேசும் கடைத்தெருவும் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது எங்கேனும் புறப்பட்டுவிடும் பழக்கம் உள்ள எனக்கு, கைக்குழந்தையோடு போகும் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு அதைவிடத் தோதான ஊர் தோன்றவில்லை. குறுக்கே நின்றது மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாதது ஒன்றுதான். தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கமெல்லாம் இப்போது கிடையாது. பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையாக இருந்தாலும் தனிப் பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும்.

இணையத்தில் படிவம் நிரப்புவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சிறார்களுக்கான கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதால் 900 ரூபாய் கட்டினேன். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே சொந்த ஊரையோ தாய்வீடு இருக்கும் ஊரையோ எழுதக் கூடாது. மருத்துவமனை எந்த ஊரில் இருந்ததோ, பிறப்புச் சான்றிதழ் எந்த ஊரைச் சொல்கிறதோ, அதைத்தான் எழுத வேண்டும்.

அந்தப் பிறப்புச் சான்றிதழில்தான் என் தொல்லை தொடங்கியது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே ஏற்கிறார்கள். என் மகள் 2024 நவம்பரில் பிறந்தவள். மருத்துவமனை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டது, சான்றிதழும் இணையத்தில் கிடைத்தது, ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நம் வீடுகளில் பிறந்த வாரத்திலேயே யார் பெயர் வைக்கிறார்கள்? எங்களுக்கு நாள் பார்த்து, தொட்டிலில் போட்டு, அத்தை காதில் மூன்று முறை சொல்லி முடிக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை என்பதால் இது ஒருநாள் வேலை என்று எண்ணிப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன்.

முதல் நாள் பெற்றோர் இருவரின் ஆதார் நகலும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் சம்பந்தப்பட்ட எழுத்தர் விடுப்பு. மூன்றாம் நாள் பெயரை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தமிழில் சரியாக இருந்த பெயர், ஆங்கிலத்தில் 'டி'க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய 'ஹெச்' இல்லாமல் நின்றது. மறுநாள் அதைச் சொன்னபோது, "ஒரு எழுத்துதானே, உச்சரிப்பு ஒன்றுதானேம்மா" என்றார் அந்த எழுத்தர். வடநாட்டில் எப்படியோ, நம் ஊரில் அந்த ஒரு எழுத்துதான் 'த'வை 'ட'விலிருந்து பிரிக்கிறது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, வேலை ஆக வேண்டுமே. திருத்தத்துக்குத் தனி மனு, மருத்துவமனைப் பதிவின் நகல், மேலும் 11 நாட்கள். பெயர் சேர்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுத்துக்கூட்டலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், தட்டச்சு செய்தபின் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், பார்த்த பிறகே ஒப்புதல் தாருங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது புகைப்படம். பெரியவர்களைப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படம் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நாமே கொண்டுபோக வேண்டும். வெள்ளைப் பின்னணி, 4.5க்கு 3.5 சென்டிமீட்டர், இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் கை தெரியக் கூடாது. உட்காரவே தெரியாத பிள்ளையை ஸ்டுடியோ நாற்காலியில் சாய்த்து, நான் பின்னால் குனிந்து பிடித்து, நாற்பது நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு படம் தேறியது. கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டை அழித்துவிடும்படி ஸ்டுடியோக்காரர் சொன்னபோது, கூட வந்திருந்த அத்தை அரைமனதாக அழித்துவிட்டு, அதை உள்ளங்காலில் வைத்துவிட்டார். அந்தப் படத்தின் பின்னணி வெள்ளை அல்ல, வெளிர்நீலம் என்பதை நாங்கள் மூவருமே கவனிக்கவில்லை.

வேலூர் மையத்தில் கிடைத்த தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தது. எங்கள் மாவட்டம் சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருவதால் சென்னை மையங்களிலும் நாள் எடுக்கலாம். அங்கே அடுத்த புதன்கிழமையே கிடைத்தது. பொறுமையின்மைக்கு நான் கொடுத்த கூலி அந்தப் புதன்கிழமை. மே மாதம், அக்கினி நட்சத்திரம். வேலூர் வெயிலில் வளர்ந்தவளுக்குச் சென்னை வெயில் ஒரு பொருட்டா என்ற என் வீறாப்பைச் சென்னையின் புழுக்கம் ஒரு மணி நேரத்தில் அடக்கிவிட்டது. விடியற்காலை குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ஆட்டோ, அங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ரயில், பிறகு மறுபடி ஆட்டோ. துப்பட்டாவுக்குள் ஒருமுறை பால் கொடுத்து, ஓடும் வண்டியில் ஒருமுறை துணி மாற்றி, குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்பே போய்ச் சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் கவுண்டரில் இருந்த இளைஞர் கோப்பைத் திறந்தார். என் கணவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார், சனி இரவு வந்து ஞாயிறு இரவு திரும்புகிறவர். அவருடைய பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்திருந்தேன், அசல் அவர் அறையிலேயே இருந்தது. "அப்பாவோட ஒரிஜினல் எங்கே?" என்றார். நகலில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார், வேண்டுமானால் இப்போதே காணொளி அழைப்பில் பேசச் சொல்கிறேன் என்றேன். அவர் தலை நிமிராமல் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார். பிள்ளை அழத் தொடங்கியது. பால் கொடுக்க இடம் உண்டா என்று கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் இல்லை. வாசலில் இருந்த காவலாளி அம்மாதான் தன் நாற்காலியை ஒரு தூண் மறைவுக்கு இழுத்துப் போட்டு, "நீ உட்காரு கண்ணு, யாரும் வராம நான் பார்த்துக்கிறேன்" என்று முதுகைக் காட்டி நின்றார்.

பால் குடித்துப் பிள்ளை தூங்கிய பிறகு எனக்குத் தெளிவு வந்தது. திரும்பிப் போய் அதே கவுண்டரில் நின்று, "இந்த ஒரு குறைக்காகத் திரும்பிப் போகிறேன், வேறு குறை ஏதும் இருந்தால் இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், இன்னொரு முறை இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர என்னால் முடியாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவே, இளைஞர் வேண்டாவெறுப்பாக மீதித் தாள்களைப் புரட்டினார். இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வெளிர்நீலப் பின்னணி. மற்றொன்று, பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய 'அனெக்சர் டி' உறுதிமொழியில் தந்தையின் இடம் காலி. நேரில் வருகிறவர் கையெழுத்துப் போதும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் வந்தால் போதும் என்பது உண்மைதான், ஆனால் உறுதிமொழியில் இருவர் கையெழுத்தும், கையில் இருவரின் அசல் பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும். நான் கேட்டிராவிட்டால் ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு பயணம் ஆகியிருக்கும். அந்த அலைச்சலில் நான் வென்றெடுத்தது அது ஒன்றே.

திரும்பும் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கித் தாய்மார்கள் பாலூட்டும் அறையைத் தேடினேன். 2015இல் தமிழ்நாடு முழுவதும் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்டவை அவை. அறை இருந்தது, கதவில் பூட்டும், பூட்டுக்கு அப்பால் கண்ணாடி வழியே அடுக்கி வைத்த துடைப்பங்களும் தெரிந்தன. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, 'மேஸ்திரி சாப்பிடப் போயிருக்கிறார்' என்று பதில் வந்தது. அன்று முதல் எந்தப் பயணத்திலும் பெரிய பருத்திப் புடவை ஒன்று என் பையில் இருக்கிறது. மறைப்பு, விரிப்பு, தூளி எல்லாம் அதுதான்.

முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை வரை நாளை மாற்றிக்கொள்ளலாம், மீண்டும் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த முறை முரண்டு பிடிக்காமல் வேலூரிலேயே எடுத்தேன். புகைப்படத்தை வீட்டிலேயே எடுத்தோம்: கணவரின் வெள்ளை வேட்டியை ஜன்னலோரம் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, அவர் தலைக்கு மேலே நின்று கைபேசியை நேராகப் பிடிக்க, நான் பக்கத்தில் சாவிக்கொத்தை ஆட்டினேன். ஐந்தாவது சொடுக்கில் இரு கண்ணும் திறந்த படம் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் அளவுக்கு வெட்டி அச்சிட்டுத் தந்தார்கள். ஸ்டுடியோவுக்குக் கொடுத்த பணமும் நாற்பது நிமிடமும் இன்றும் உறுத்துகிறது.

வேலூர் அஞ்சலகச் சேவை மையத்தில் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அங்கே கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளை மட்டும் குறித்துவைக்கிறேன். 2017இல் எடுத்த என் பாஸ்போர்ட்டில் முகவரி 'ஆம்பூர், வேலூர் மாவட்டம்' என்று இருக்கிறது. 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. (என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அதே தெரு வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கிறது. வீடு ஓரடிகூட நகரவில்லை.) அதிகாரிக்கு இது புதிதல்ல போலும், குழந்தையின் முகவரிக்குக் குடியாத்தம் முகவரி உள்ள கணவரின் பாஸ்போர்ட்டையே சான்றாக எடுத்துக்கொண்டார். பழைய முகவரி உள்ள தாய்மார்கள் முதலிலேயே அப்படி நிரப்பிவிடுவது நல்லது. இரண்டாவது, என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறவில்லை. திருமணத்துக்கு முன் எடுத்தது, மாற்றச் சோம்பல்பட்டேன். திருமணப் பதிவுச் சான்றிதழை எதற்கும் இருக்கட்டும் என்று கோப்பின் கடைசியில் செருகியிருந்தேன். அதைப் பார்த்த பிறகு மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் காவல் துறை விசாரணை இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

எட்டாம் நாள் நிலையத்திலிருந்து வந்த காவலர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விண்ணப்பதாரரைக் கூப்பிடுங்கள் என்றார். அத்தை பேத்தியைக் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தினார். அண்டை வீட்டார் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார்.

அதற்கடுத்த வாரம் ஸ்பீடு போஸ்ட்டில் உறை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் வாசலுக்குப் போய்க் கையை நீட்டினேன். தபால்காரர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை யார் பெயருக்கு வந்திருக்கிறதோ அவரிடம்தான் கொடுக்க வேண்டும், விதி அப்படி என்றார். அரைத் தூக்கத்தில் சிணுங்கியவளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். உறையின் மேலிருந்த பெயரை உரக்கப் படித்தார், 'ஹெச்' இருந்தது. மகள் கையை நீட்டி உறையின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, வாங்கிட்டாங்க" என்று சொல்லி, கையெழுத்துக்கு நோட்டை என்னிடம் நீட்டினார்.