துருத்தி ஊதிய பையன்

ஜூன் 28, 2024, வெள்ளி

இடது காறையெலும்பு. இரண்டு துண்டு. எழுத வலது கை இருக்கிறது, சரி.

எங்கே விழுந்தாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சார்த்ரூஸ் மலையிலிருந்து இறங்கும்போது என்றால் ஒரு கௌரவம் இருந்திருக்கும். கிரனோபிள் நகர நடுவில், ட்ராம் தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிளின் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. மழைகூட இல்லை. பையில் ஒரு கிலோ தக்காளி. ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

ஜூன் 29, சனி

படுத்தால் எலும்பு முனை நகருவது தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இன்று ஃபிளாரன்ஸில் தொடங்கியது. பிரான்ஸின் பார்தே முதல் நாளே ஜெயித்து, மொத்தத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். இதுதான் தன் கடைசி டூர் என்று சொல்லிவிட்டு வந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. போனை மாவு டப்பாவில் சாய்த்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"என்னடா விறைப்பா உட்கார்ந்திருக்க?"

"முதுகுக்கு நல்லதும்மா."

ஜூலை 1, திங்கள்

மூன்று வாரம் பார்ப்பார்களாம். 19ஆம் தேதி எக்ஸ்ரே. முனைகள் ஒன்றை ஒன்று தேடி வந்திருந்தால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் தகடு, திருகு.

எரித்ரியாவின் கிர்மாய் இன்று இத்தாலியின் டூரின் நகரில் ஜெயித்தார். டூரில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். 1903இலிருந்து நடக்கிற பந்தயம் இது. அந்த வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மாக்னியின் அந்தப் போட்டோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நேற்று ராத்திரிதான் உண்மையில் பார்த்தேன்.

1956, ஜிரோ டி இத்தாலியா, இத்தாலியின் டூர். ஃபியொரென்ஸோ மாக்னிக்கு 35 வயது, ஏற்கெனவே மூன்று முறை ஜிரோ ஜெயித்தவர். பாதி வழியில் விழுந்து இடது காறையெலும்பு உடைந்தது. கட்டுப்போட மறுத்துவிட்டு மறுநாள் கிளம்பினார். பொலோனியாவில் சான் லூக்கா குன்றின்மேல் ஏறும் தனிநபர் ஓட்டம் வந்தது. செங்குத்து ஏற்றத்தில் மிதிக்க வேண்டுமானால் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இழுக்க வேண்டும். இடது கை இழுக்காது. மெக்கானிக் ஃபாலியெரோ மாஸி ஒரு துண்டு டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டினார். மறுமுனை மாக்னியின் வாயில். பல்லால் இழுத்தபடி ஏறினார்.

இதுவரை இந்தப் படத்தில் நான் பார்த்தது வீரம். இப்போது கண் அவர் இடது தோளுக்குத்தான் போகிறது. தும்மினாலே எனக்கு எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் மறுபடி விழுந்தார், மேற்கையெலும்பும் உடைந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், இறங்கிவந்து மறுபடி சைக்கிளில் ஏறினார். ஜூன் 8, மோன்தே போந்தோனே: ஏற்றத்தில் பனிப்புயல், பாதிக்கு மேல் ஆட்கள் சைக்கிளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஷார்லி கோல் ஜெயித்தார், குளிரில் விறைத்துப்போன அவர் உடுப்பை வெட்டித்தான் எடுத்தார்களாம். மாக்னி கடைசி வரை ஓட்டி மொத்தத்தில் இரண்டாம் இடம்.

நான் இன்று சட்டைப் பொத்தான் போட எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு நிமிடம்.

ஜூலை 3, புதன்

டூரில் கேவண்டிஷ் ஜெயித்த ஒரு நாள் ஓட்டங்கள் 35! மெர்க்ஸின் 34 சாதனை போயே போச்சு. போன வருஷம் இதே டூரில் விழுந்து வெளியேறியவர். எந்த எலும்பு? காறையெலும்பு. கத்திவிட்டேன், தோள் ஒரு மணி நேரம் திட்டியது.

ஜூலை 5, வெள்ளி

மாடி வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் கைப்பட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏன் தம்பி, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? ஒற்றைக் கையோட என்னத்தைச் சமைச்சுச் சாப்பிட்டனியள்?"

ராத்திரி இடியப்பமும் சொதியும் வந்தன. கொண்டுவந்தது அவர் மகன், பன்னிரண்டு வயது. என் ஷூ நாடா அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் குனிந்து கட்டினான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கிறிஸ்தோஃப். எங்கே போனாலும் இவரிடம்தான் வந்து நிற்கிறேன்.

1913 ஜூலை 9, பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர். ஓஜேன் கிறிஸ்தோஃப் பிரனீஸ் மலையில் தூர்மலே உச்சியைத் தாண்டி இறங்குகிறார், டூரை ஜெயிக்கிற நிலையில் இருக்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிகிறது. அந்தக் காலத்து விதிப்படி வேறு சைக்கிள் வாங்கக் கூடாது, யார் உதவியும் கூடாது, ரிப்பேரை வீரனே செய்ய வேண்டும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சான்த் மரி த கம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையை அடைகிறார். (தோளில்! எந்தத் தோளில் என்று எங்கேயும் எழுதவில்லை.) பூட்டுத் தொழில் பழகியவர், இரும்பு தெரியும். கொல்லர் சொல்லிக்கொடுக்கலாம், தொடக் கூடாது. போட்டி அதிகாரிகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், பிடித்துவிட.

ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் சுத்தியல். உலைக்கு யார் துருத்தி ஊதுவது? பட்டறையில் நின்ற சிறுவன் ஊதினான்.

அதற்குப் பத்து நிமிடத் தண்டனை. பிறகு மூன்றாகக் குறைத்தார்கள்.

ஏறக்குறைய நான்கு மணி நேரம் பின்தங்கிய ஆளுக்குப் பத்து என்ன, மூன்று என்ன? அந்த வருஷம் ஜெயித்தது பெல்ஜியத்து ஃபிலிப் தீஸ். அது கிடக்கட்டும். தண்டனை எழுதிய கையைத்தான் என்னால் விட முடியவில்லை. நாலு மணி நேர வியர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, நோட்டைத் திறந்து, "துருத்தி, சிறுவன், பத்து நிமிடம்" என்று எழுத ஒரு மனுஷனுக்கு எப்படிக் கை வரும்?

டூரைத் தொடங்கி நடத்திய தேக்ராஞ்சுக்கு அதுதான் பந்தயம்: தனி ஆள், தன் கை, தன் கால்.

ஜூலை 8, திங்கள்

டூருக்கு ஓய்வு நாள். எனக்கும்.

ஜூலை 10, புதன்

விங்கெகார் ஜெயித்துவிட்டார். லியோரானில், பொகாச்சரை, அதுவும் கடைசி ஸ்பிரிண்டில்.

ஏப்ரல் 4 அன்று பாஸ்க் நாட்டில் வளைவில் விழுந்தவர். காறையெலும்பு, விலா, நுரையீரலிலும் அடி. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பொகாச்சர் முடிவுக்கோட்டுக்கு 31 கிலோமீட்டர் இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனார், கதை முடிந்தது என்று நான் தேநீர் போட எழுந்துவிட்டேன். திரும்பி வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகப் போகிறார்கள். ஜெயித்த பிறகு மைக் முன்னால் பேச வராமல் அழுதார்.

நானும் கொஞ்சம். வலிமாத்திரைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று மாதம் ஆறு நாள். எனக்கு அந்தக் கணக்கு செல்லுமா?

ஜூலை 11, வியாழன்

நேற்றைய ஈரம் இன்று காய்ந்துவிட்டது. ஹாமில்டன் ஞாபகம் வந்ததுதான் காரணம்.

2003 டூர், நூற்றாண்டு விழா வருஷம். டைலர் ஹாமில்டன் இரண்டாம் நாளே விழுந்தார், காறையெலும்பில் விரிசல். விடாமல் ஓட்டினார், பயோனில் ஒரு நாள் ஓட்டத்தைத் தனியாகப் பிரிந்துபோய் ஜெயித்தார், மொத்தத்தில் நான்காம் இடம். சில வருஷம் கழித்து, ஊக்கமருந்து எடுத்தேன் என்று அவரே சொன்னார். அந்த டூரை ஜெயித்த ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் 2012இல் பறிபோயின. இன்றுவரை 2003க்கு எதிரே வெற்றியாளர் பெயர் இல்லை.

எலும்பு பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் விரிசல் இருந்தது, வலித்திருக்கும். அந்த வலியை என்ன செய்வது? நம்புவதா, தூக்கிப் போடுவதா? அன்று ஓட்டியதில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு ஊசியுடையது? காலையிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பாத்திரம் கிடக்கிறது.

அம்மா இன்று: "கையைக் காட்டு." வலது கையைக் காட்டினேன். "அது இல்லடா." நெட் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

இன்று தூர்மலே. பையனும் வந்து உட்கார்ந்தான். உச்சியிலிருந்து இறங்குகிறார்கள். கிறிஸ்தோஃப் நடந்த அதே சரிவு, அதே சான்த் மரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் வந்து போய்விட்டது. பட்டறைக் கதையை அவனுக்குச் சொன்னேன்.

கேட்டுவிட்டு யோசித்தான். "அந்தப் பெடியனுக்கு என்ன குடுத்தவை மாமா?"

அவனுக்கு என்ன கிடைத்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பொகாச்சர் ப்ளா தாதேயில் ஜெயித்தார். ஜூலை 13 என்றால் பிரிட்டிஷ் வீரர் சிம்சன் டூரில் ஓட்டும்போது இறந்த நாளும்கூட: 1967, வான்தூ மலை, வெயில், ஆம்ஃபெட்டமின். 29 வயது. அதைப் பையனிடம் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

தூக்கத்தில் இடது பக்கம் புரண்டுவிட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். நான் கற்பனை செய்துகொண்டதாகவும் இருக்கலாம்.

ஜூலை 16, செவ்வாய்

இந்த ஊரில் ஒரு விஷயம் இருக்கிறது, நான்கு வருஷமாக இங்கே இருந்தும் போன வாரம்தான் எனக்கு உறைத்தது. டூரின் முதல் மஞ்சள் சட்டை போடப்பட்டது கிரனோபிளில். 1919 ஜூலை 19, லாசான்சர் என்ற காப்பிக்கடை, ஜெனீவாவுக்கு ஓட்டம் கிளம்பும் நேரம், விடியற்காலை இரண்டு மணி. போட்டுக்கொண்டவர்? கிறிஸ்தோஃப்.

பந்தயத்தை நடத்திய 'லோட்டோ' பத்திரிகையின் தாள் மஞ்சள், அதனால் மஞ்சள். வழியெல்லாம் ஜனங்கள் அவரைக் கானரிக் குருவி என்று கேலி செய்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து எட்டே மாதம். டூர் ஜெயித்த மூன்று பேர், ஃபாபர், பெத்தி பிரெத்தோன், லாபீஸ், திரும்பி வரவில்லை. உயிரோடு இருந்தவர்களில் பதினோரு பேர்தான் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள்.

பாரிஸுக்கு முந்தைய ஓட்டம், மெட்ஸிலிருந்து டன்கர்க். இரண்டாம் ஆளான லாம்போவைவிட கிறிஸ்தோஃப் 28 நிமிடம் முன்னால். வலான்சியென் பக்கத்தில் கருங்கல் சாலை.

ஃபோர்க். மறுபடியும் ஃபோர்க்.

அங்கேயும் ஒரு பட்டறையைத் தேடி, தானே ரிப்பேர் செய்து, லாம்போவிடம் டூரை இழந்தார். பத்திரிகை வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு 13,000 பிராங்குக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தப் பணத்துக்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை. 1922இல் கலிபியே மலைச் சரிவில் மூன்றாவது தடவை முறிந்தது. டூரை அவர் ஜெயிக்கவே இல்லை.

சாயங்காலம் பையனோடு அந்தக் கடை இருந்த பக்கம் நடந்துவிட்டு வந்தேன். ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை 18, வியாழன்

நாளை காலை 8.40. பையன் பை தூக்கிக்கொண்டு கூட வருகிறானாம், அக்கா சொல்லிவிட்டார். வேண்டாம் என்றேன்.

"ஏன், அபராதம் போடுவினமோ?" என்றான்.

ஜூலை 19, வெள்ளி, விடியற்காலை 2.10

தூக்கம் வரவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, தெருவில் யாரும் இல்லை. 105 வருஷத்துக்கு முன் இதே நேரம் இந்த ஊரில் ஒருத்தர் அந்தச் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். சட்டை மாட்டுவது எவ்வளவு பெரிய வேலை.

தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மேடு இருக்கிறது. நல்ல மேடா கெட்ட மேடா தெரியவில்லை.

போன் அடிக்கிறது. அங்கே ஐந்தே முக்கால், அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்திருப்பாள். நான் ஆன்லைனில் இருப்பதைப் பார்த்துவிட்டாள் போல. வீடியோ கால். மாவு டப்பாவை நேற்று அக்கா கழுவ எடுத்துப் போனார், போனைச் சாய்க்க எதுவும் இல்லை, கையில்தான் பிடிக்க வேண்டும், எடுக்கி