வார்டு இன்சார்ஜ் நாட்குறிப்பு: கோபத்தோடு ஒரு மாதம்

2025 மார்ச் 3, திங்கள்

இன்று வார்டில் கத்திவிட்டேன். நர்ஸ்களுக்கு இன்சார்ஜ் பொறுப்புக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, குரல் உயர்வது இது முதல் தடவை இல்லை. ஆனால் இன்றைக்கு வராந்தா வரை கேட்டது.

நோயாளி ஒருவருக்கு இன்சுலின் 10 யூனிட் எழுதியிருந்தார்கள். எண்ணை ஒட்டியே ஆங்கில 'யு' எழுத்து. அவசரக் கையெழுத்தில் அதன் வாய் மூடிக்கொண்டு சுழி போல ஆகிவிட்டது. 10 யூனிட், 100 ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் மருந்தை ஏற்றி, இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதிப்படி டிரேயில் வைத்து என்னிடம் கொண்டுவந்தாள். பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டிய மருந்து சிரிஞ்ச் நிறைய இருந்தது.

"கண்ணு தெரியலையா உனக்கு? ஆளையே கொல்லப் பார்த்தியே!"

கட்டில்களில் இருந்தவர்களும் கூட இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை நடுங்கியதில் சிரிஞ்ச் உருண்டு டிரேயின் விளிம்பில் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் போகவில்லை. அவள் தவறாகப் படித்தாள், உண்மைதான். ஆனால் காட்டாமல் போடவில்லையே! காட்டு என்று சொன்னது நான். காட்டியதற்குத் திட்டியதும் நான்.

மார்ச் 4, செவ்வாய்

தூக்கம் வராமல் நேற்றைய நாளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். காலை எட்டரைக்கு, எனக்கு மேலதிகாரியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, லீவு பட்டியலில் இருந்த குழப்பத்துக்காக இரண்டு பேர் முன்னால் கடிந்துகொண்டார். அந்தக் குழப்பம் என்னால் வந்ததில்லை. ஆனாலும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு என் பொறுமை பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இந்தப் பெண் வந்து நின்றாள்.

பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் 301 இப்போதுதான் உறைக்கிறது. செல்லிடத்துக் காப்பான்தான் சினம் காப்பான். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? மேட்ரனிடம் நான் அடக்கியதைப் பொறுமை என்று சொல்ல முடியாது. அங்கே என் கோபம் செல்லாது, அவ்வளவுதான். அது செல்லுபடியாகும் இடம் அந்தப் பெண்ணின் முன்னால் இருந்தது. அங்கே நான் காக்கவில்லை.

மார்ச் 5, புதன்

பக்கத்து வார்டு இன்சார்ஜ் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டினால் பாரம் இறங்கும் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் பேசி முடித்தபோது மேட்ரன் மேல் முன்பைவிட அதிகமாக எரிந்தது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி நானும் அடுப்பை விசிறிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 8, சனி

மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. எதற்கும் முகம் மாறக் கூடாது என்று தீர்மானம். பல்லைக் கடித்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிறேன், "ம்", "சரி", "பார்க்கலாம்" என்பதோடு முடித்துக்கொள்கிறேன். கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நம்பினேன்.

இன்று மருந்து அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே நுழைந்ததும் சட்டென்று நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கிக்கொண்டு ஒருவர் பேசும்போது, எதிரே இருப்பவரின் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். தினமும் ஊரார் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதும் எனக்கு இது தோன்றவே இல்லை. கத்தினால் என்ன நினைக்கிறேன் என்றாவது தெரியும். மூடிய முகத்தைப் பார்த்தால் அவரவர் பயத்துக்கு ஏற்றபடி எதையாவது படித்துக்கொள்வார்கள்.

மார்ச் 12, புதன்

இன்றையது பெரிய அடி. கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

கேஸ் ஷீட்டில் ஆன்டிபயாட்டிக் மதியம் 2 மணிக்குப் போட்டதாகக் கையெழுத்து இருந்தது. ஆனால் நாலு மணிக்கு ஊசி போட்டார்கள் என்று நோயாளியே சாதாரணமாகச் சொன்னார். விசாரித்தால், பத்து வருட அனுபவம் உள்ள ஒரு சிஸ்டர். வேலை நெரிசலில் மறந்துபோய், நாலு மணிக்குப் போட்டுவிட்டு, 2 என்று எழுதியிருக்கிறார். ஒளித்து எழுதுகிறவர் இல்லை அவர். அவரிடம்தான் நானே பல வேலைகளைக் கற்றுக்கொண்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்ட்டேன்."

நோயாளிக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு உட்கார வேண்டியிருந்தது.

ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதிய கட்டுரையைப் பயிற்சி ஒன்றில் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல அதற்குக் கிடைத்த விளக்கம். அங்கே தவறை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, மற்ற இடங்களில் சொல்ல முடியவில்லை. பயிற்சியில் தலையாட்டிக் கேட்டேன். போன ஐந்து மாதங்களில் எங்கள் வார்டின் தவறு அறிக்கைகள் குறைந்திருக்கின்றன என்று நானே மாதக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த எண்ணை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மார்ச் 13, வியாழன்

காலை ஷிப்ட் மாறி பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில், இரண்டு ஷிப்ட் ஆட்களும் நிற்கும்போதே அந்தப் புதிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று முதலில் யோசித்தேன், அதுதான் எனக்குச் சுலபம். ஆனால் திட்டியது நாலு பேர் முன்னால். அப்படியென்றால் மன்னிப்பும் அங்கேதான் நடக்க வேண்டும்.

"போன வாரம் திங்கட்கிழமை நீ செஞ்சது சரி. சந்தேகம் இருந்தாலும் இல்லாட்டியும் கொண்டுவந்து காட்டினே. அதனாலதான் அவர் நல்லா இருக்கார். நான் பயந்துட்டேன். பயத்துல கத்திட்டேன். அது என் தப்பு."

அவள் தலை குனிந்தே இருந்தாள். மூத்த சிஸ்டர்தான் அவள் தோளைத் தொட்டார்.

'பயந்துட்டேன்' என்ற சொல் தயாரித்து வைத்ததில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். அந்தச் சிரிஞ்ச் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் முழுதாகப் பார்த்துவிட்டேன்.

மிச்சமிருந்த ஆத்திரத்தை உரிய இடத்தில் செலவழித்தேன். 'யு' என்று சுருக்கி எழுதக் கூடாது, 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கு எழுத்தில் கேட்டு, தெளிவில்லாத மருந்துச் சீட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை புதிய சிஸ்டர்களுக்கும் வேண்டும் என்றும் சேர்த்தேன். கோபமே இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 19, புதன்

ஒரு சின்னப் பழக்கம் பிடித்திருக்கிறது. சூடு ஏறும்போது கை கழுவப் போகிறேன். சோப்புப் போட்டு முழுதாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசை தவறாமல் தேய்க்கிறேன். கட்டைவிரலுக்கு வரும்போது எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்: இது என்ன? கோபமா, பயமா, அவமானமா, களைப்பா? பாதி நேரம் களைப்புதான்.

பெயர் வைப்பதில் ஏதோ இருக்கிறது. மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வில், படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் தூண்டப்படும் மூளையின் அமிக்டலா பகுதி அடங்கியது ஸ்கேனில் தெரிந்தது. என் மூளையில் என்ன நடக்கிறதோ, 'அவமானம்' என்று சொல்லிக்கொண்ட உடனே தாடை தளர்வது மட்டும் தெரிகிறது.

எல்லாக் கோபத்தையும் கழுவிவிட முடியாது. நோயாளியிடம் எரிந்து விழுந்த ஒருவரிடம் இன்று கண்டிப்பாகவே பேசினேன். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒரு செயலைப் பற்றி மட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

ஒன்பதாம் கட்டில் காலியானது. பதினாறு நாள் எங்களோடு இருந்தவர். உடலை அனுப்பிய பிறகு, "எனக்கு மனசு சரியில்லை, அஞ்சு நிமிஷம் உட்காரப் போறேன். உட்கார வேண்டியவங்க மாத்தி மாத்தி வாங்க," என்றேன். மூன்று பேர் வந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை.

ஏப்ரல் 2, புதன்

முன்னிரவு 11.40. அதே பெண் மேசைக்கு வந்தாள். "சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டிய 500 மில்லி டிரிப், மூன்று மணி நேரத்திலேயே காலி. இதயக் கோளாறு உள்ள பெரியவர். எனக்குக் காதுமடல் சுட்டது. கை கழுவ நேரமில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, உனக்கும் இருக்கும். முதல்ல அவரைப் பார்க்கலாம், வாம்மா."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம். மூச்சை எண்ணினாள், சத்தமாக, நிதானமாக. ஆக்சிஜன் அளவு 96. டியூட்டி டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, இப்போதைக்குப் பிரச்சினை இல்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள் என்றார். எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய் வந்தபோது சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரிப்பின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. திரும்பி வந்ததும் யாரும் சொட்டை எண்ணிப் பார்க்கவில்லை. இனி எக்ஸ்ரே முடிந்து வந்தால் எண்ண வேண்டும் என்று ஹேண்டோவர் தாளில் ஒரு கட்டம் சேர்த்தோம்.

பிறகு அவள் தவறு அறிக்கைப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தாள். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் தன் பெயரை எழுதினாள்.